அவுட்லுக்கைப் புதுப்பித்த மறுநாள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய, மொரிசியஸ் அலுவலகங்களுக்கு

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் அதே நாள்தான் கெடு. அதனால் போர்ட் லூயிஸ், எபேன், ரோஸ் ஹில் என்று பார்க்கிற இடமெல்லாம் சின்ன அலுவலகங்கள் கணினியையும், ஆபீஸோடு வரும் மெயில் மென்பொருளான அவுட்லுக்கையும் ஒரே மூச்சில் மாற்றுகின்றன. கணக்காளர் அலுவலகமோ, நோட்டரி அலுவலகமோ, கோவில் சங்கமோ, மாற்றிய மறுநாள் காலையில் வரும் முதல் புகார் ஒன்றுதான்: "மெயில் எல்லாம் போச்சு."

பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. மெயில் ஓரிடத்தில் இருக்கிறது, அதைக் காட்டும் மென்பொருள் இன்னோரிடத்தில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது கலைவது இரண்டாவதுதான். ஆனால் பதற்றத்தில் கணக்கை நீக்கி, மறுபடி சேர்த்து, ப்ரொஃபைலை (அவுட்லுக் வைத்திருக்கும் கணக்கு அமைப்புகளின் தொகுப்பை) அழித்து என்று ஆரம்பித்தால் இருந்ததும் போய்விடும். நான் பார்த்த உண்மையான இழப்புகளில் பெரும்பாலானவை புதுப்பித்ததால் வந்தவை அல்ல. அதற்கு அப்புறம் யாரோ அவசரமாகக் கைவைத்ததால் வந்தவை. எனவே ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்கே பார்ப்பது, எதைத் தொடாமல் இருப்பது என்று எழுதுகிறேன். கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீஸ் பிரெஞ்சில் இருந்தால் 'ஃபைல்' என்று நான் சொல்கிற இடத்தில் 'ஃபிஷியே' இருக்கும், இடம் அதேதான்.

எதையும் தொடுவதற்கு முன்

பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். அவுட்லுக்கில் காணாத மெயில் அங்கே இருக்கிறதா? இருந்தால் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம். மெயில் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கணினியிலுள்ள நகல்தான் சரியில்லை. நகலை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

வெப்மெயிலிலும் இல்லை என்றால், உங்கள் கணக்கு எந்த வகை என்று பார்க்க வேண்டும். பழைய கணினியில் ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ் என்று போனால் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் வகை எழுதியிருக்கும். எக்ஸ்சேஞ்ச் அல்லது ஐமேப் என்றிருந்தால் மூலம் சர்வரில். பாப் என்றிருந்தால் கவனம். பாப் கணக்கு மெயிலைச் சர்வரிலிருந்து எடுத்துக் கணினிக்குள் ஒரு பிஎஸ்டி கோப்பில் போட்டுவிடும்; சர்வரில் அழித்தும் விடலாம். அப்படியானால் பத்து வருட மெயிலும் அந்த ஒரே கோப்பில்தான், அந்த ஒரே கணினியில்தான். இணைய நிறுவனம் கொடுத்த முகவரியை ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கும் கடைகளிலும் குடும்ப நிறுவனங்களிலும் இன்றும் பாப் கணக்கு நிறையவே இருக்கிறது.

அதனால் பழைய கணினியை ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள், தரையில் ஒரு மூலையிலும் போட்டு வைக்காதீர்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். தரைத்தளத்து மேசைக்கு அடியில் இருந்த கணினிகளை அந்தத் தண்ணீர் விட்டுவைத்திருக்காது. பிஎஸ்டி கோப்பை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள். நகலெடுக்கும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும்.

அவுட்லுக் திறக்கவே இல்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக் படத்தைச் சொடுக்குங்கள். சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும். சம்மதம் கொடுத்துத் திறந்துவிட்டால், குற்றவாளி ஏதோ ஒரு ஆட்-இன், அதாவது அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை நிரல். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பகுதியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பழைய பிடிஎஃப் மென்பொருள், ஆன்டிவைரஸ், கணக்கு மென்பொருள் போட்டுவிட்டுப் போன ஆட்-இன்கள்தான் வழக்கமான சந்தேகத்துக்குரியவை. ஆபீஸ் 2019-லிருந்து நிறுவினால் தானாகவே 64-பிட் பதிப்பு வருகிறது; 32-பிட்டுக்கு எழுதிய பழைய ஆட்-இன் அதில் ஓடாது. அந்த ஆட்-இன்னின் புதிய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் 32-பிட் ஆபீஸை நிறுவ வேண்டியிருக்கும்.

சேஃப் மோடிலும் திறக்காவிட்டால் கன்ட்ரோல் பேனலில் மெயில் என்பதற்குள் போய்ப் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். பழையதை அழிக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். புதியது நன்றாக ஓடி, ஒரு மாதமாவது எல்லாம் சரியாக இருந்த பிறகு அழிக்கலாம்.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனால் ஏற்கவில்லை

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு, அதை முதலில் பாருங்கள். பிரெஞ்சு மொழித் தொகுப்பை நிறுவும்போது விண்டோஸ் பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பையும் கூடவே சேர்த்துவிடுகிறது. விசையில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறு: ஏ அழுத்தினால் க்யூ, இசட் அழுத்தினால் டபிள்யூ. எண்களுக்கு ஷிப்ட் பிடிக்க வேண்டும், முகவரியில் வரும் அட் குறி பூஜ்யத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் யாருக்கும் இது பிடிபடாது. நாலு முறை தவறாக அடித்துக் கணக்கே பூட்டிக்கொள்ளும். நோட்பேடைத் திறந்து பாஸ்வேர்டை அங்கே தட்டிப் பாருங்கள். வேறு எழுத்து விழுந்தால் விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி விசைப்பலகையை மாற்றுங்கள். பார்த்ததும் நோட்பேடைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

விசைப்பலகை சரியாக இருந்தும் பெட்டி திரும்பத் திரும்ப வருகிறதா? கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குள் பழைய பாஸ்வேர்ட் சேமித்திருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அங்கே ஆபீஸ், அவுட்லுக் என்று பெயரில் வருகிறவற்றை நீக்கி, மறுபடி திறந்து புதிதாகப் பாஸ்வேர்ட் கொடுங்கள்.

இன்னொன்று: வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 365 சர்வர்களில் 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாக மூடிவிட்டார்கள். அலுவலகத்தில் பாதிப் பேர் புதிய பதிப்பிலும், ஒரே ஒரு மூத்தவர் மட்டும் தன் பழைய அவுட்லுக் 2010-லும் இருந்தால், அவருக்கு மட்டும் பாஸ்வேர்ட் பெட்டி ஓயாது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அவரைப் படுத்தாதீர்கள். அவருடைய மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும்.

புதிய மெயில் வருகிறது, பழையதைக் காணோம்

வெப்மெயிலில் இருக்கிறதென்றால் வேலை சுலபம். புதுப்பித்த அவுட்லுக் இடத்தை மிச்சப்படுத்தக் கடைசி ஒரு வருட மெயிலை மட்டும் கணினிக்கு இறக்கும். பட்டியலின் அடிவரை போனால், மீதி சர்வரில் இருக்கிறது, இங்கே சொடுக்குங்கள் என்று ஒரு வரி சின்னதாகக் கிடக்கும். யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்ப்பதில்லை. அக்கவுன்ட் செட்டிங்ஸில் கணக்கைத் தேர்ந்தெடுத்து சேஞ்ச் கொடுத்தால் ஒரு நழுவு பட்டை வரும்; அதை 'ஆல்' வரை தள்ளுங்கள். பெரிய மெயில்பெட்டி என்றால் இரவு முழுக்க இறங்கும். அலுவலகம் முடியும் நேரத்தில் ஆரம்பித்துவிட்டுப் போங்கள். ஒரே இணைப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் மறுநாள் காலை வரை யாருக்கும் எதுவும் நகராது.

பாப் கணக்கு என்றால் பழைய பிஎஸ்டியைத் தேட வேண்டும். அவுட்லுக் 2010-லிருந்து அது டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். பிரெஞ்சுப் பதிப்பில் 'ஃபிஷியே அவுட்லுக்'. அதற்கும் முந்தைய பதிப்பில் ஆரம்பித்த கணக்கானால் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். கோப்பைப் புதிய கணினிக்கு நகலெடுத்து, ஃபைல், ஓபன், அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று திறந்தால் பழைய ஃபோல்டர்கள் அத்தனையும் இடப்பக்கத்தில் வந்து நிற்கும். 'இம்போர்ட்' கொடுத்து எல்லாவற்றையும் கலக்க அவசரப்படாதீர்கள். தனியாகத் திறந்து வைத்தாலே போதும்.

புதிய கணினியில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) தன் வசம் எடுத்துக்கொண்டிருக்கலாம். பிஎஸ்டியை அதற்குள் வைக்காதீர்கள். அவுட்லுக் பிடித்துக்கொண்டிருக்கும் கோப்பை ஒன்டிரைவும் இழுக்கப் பார்த்து, கோப்பு பூட்டிக்கொள்ளும், சில சமயம் கெட்டும் போகும். சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்று போட்டு அங்கே வையுங்கள்.

கோப்பைத் திறக்க முடியவில்லை, பழுது என்று சொன்னால், ஆபீஸோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியால் பழுது பார்க்கலாம். அதை நகலில் ஓட்டுங்கள், மூலத்தில் ஓட்டாதீர்கள். அவுட்லுக் 2002 வரைக்குமான பழைய வடிவக் கோப்புக்கு 2 ஜிபிதான் எல்லை. அந்த எல்லையை எட்டி நின்றுபோன கோப்புகளை இன்றும் சில பழைய வணிக நிறுவனங்களில் பார்க்கலாம்.

ஒரே ஃபோல்டர் இரண்டாகத் தெரிகிறது, அல்லது பெயர் பாதி பிரெஞ்சு பாதி ஆங்கிலம்

இன்பாக்ஸ் என்று ஒன்று, 'புவாத் த ரெசெப்சியோன்' என்று ஒன்று. 'சென்ட்' ஒரு பக்கம், 'எலெமான் ஆன்வாயே' ஒரு பக்கம். முதல் முறை எந்த மொழியில் மெயில்பெட்டியைத் திறந்தார்களோ அந்த மொழியில் சர்வர் பெயர் வைத்துவிடுகிறது. கணினிக்காரர் பிரெஞ்சு ஆபீஸைப் போட்டுக் கணக்கைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர் வந்து திகைப்பார்.

எக்ஸ்சேஞ்ச் கணக்கானால் வெப்மெயிலில் செட்டிங்ஸ், மொழியும் நேரமும் என்ற பக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுத்து, ஃபோல்டர் பெயர்களும் மாறட்டும் என்ற கட்டத்தில் குறியிட்டுச் சேமியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி வரும் பெட்டியில் அவுட்லுக்.இஎக்ஸ்இ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, /ரீசெட்ஃபோல்டர்நேம்ஸ் என்று சேர்த்து என்டர் கொடுங்கள். இந்த இரண்டிலும் மெயில் எதுவும் அசையாது, பெயர் மட்டும் மாறும்.

ஐமேப் கணக்கில் நிலைமை வேறு. அங்கே உண்மையிலேயே இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். போன வாரம் வரை அனுப்பியவை ஒன்றில், இன்று அனுப்பியவை இன்னொன்றில். கையால் நகர்த்திச் சேர்த்துவிட்டு, காலியான பிறகு ஒன்றை நீக்குங்கள். நீக்குவதற்கு முன் கைபேசி எந்த ஃபோல்டரில் போடுகிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே அது மறுபடி முளைக்கும்.

கண்ணெதிரே இருக்கும் மெயிலைத் தேடினால் கிடைக்கவில்லை

புதுப்பித்த ஒன்றிரண்டு நாளைக்கு இது சகஜம். விண்டோஸ் எல்லா மெயிலையும் முதலிலிருந்து படித்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறது. தேடல் பெட்டியில் சொடுக்கி, சர்ச் டூல்ஸில் இன்டெக்ஸிங் ஸ்டேட்டஸ் பாருங்கள். மீதி எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருங்கள், கணினியை இரவில் தூங்க விடாதீர்கள். எண்ணிக்கை அசையாமல் நின்றால் மட்டும் கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்ட்.

கூட்ட நேரங்கள் இரண்டு மணி, மூன்று மணி தள்ளிப் போய்விட்டன

காலை 10 மணிக் கூட்டம் காலண்டரில் 8 மணி என்று நிற்கிறது, அல்லது 7. இந்தத் தள்ளல் எவ்வளவு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். பாரிஸுக்கும் நமக்கும் அவர்களுடைய கோடையில் இரண்டு மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று மணி வித்தியாசம். ஜோஹன்னஸ்பர்க் என்றால் வருடம் முழுக்க இரண்டு, இந்தியா என்றால் ஒன்றரை, நமக்கு முன்னால். இரண்டு அல்லது மூன்று தள்ளியிருக்கிறது என்றால் புதிய கணினி பாரிஸ் நேர மண்டலத்தோடு வந்து இறங்கியிருக்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம்.

திரையின் மூலையில் கடிகாரம் சரியாகத்தானே காட்டுகிறது என்பார்கள். அங்கேதான் சிக்கல். யாரோ கடிகாரம் தவறாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மண்டலத்தை மாற்றாமல் முள்ளைக் கையால் திருப்பியிருப்பார்கள். பார்வைக்கு நேரம் சரி. கணினிக்குள்ளோ உலக நேரமே இரண்டு மூன்று மணி தவறு. அப்புறம் காலண்டர் மட்டுமல்ல, பாதுகாப்புச் சான்றிதழ்களும் உள்நுழைவும்கூடத் தகராறு செய்யும். அனுப்பிய மெயில் எதிர்காலத்தில் அனுப்பியதுபோல் காட்டும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் நேரமும் மொழியும் என்ற பக்கத்துக்குப் போங்கள். மண்டலப் பட்டியலில் போர்ட் லூயிஸ் என்றே ஒரு வரி இருக்கிறது, உலக நேரத்துக்கு 4 மணி முன்னால். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானைத் திறந்து விடுங்கள். அதே +4-இல் அபுதாபியும் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இன்றைக்கு இரண்டும் ஒரே நேரம்தான். ஆனால் நம் நாட்டில் 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை கோடைக்கால நேரம் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். நம் அரசு மறுபடி அப்படி ஏதாவது முடிவெடுத்தால் விண்டோஸ் போர்ட் லூயிஸ் வரியைத்தான் திருத்தும், அபுதாபியை அல்ல.

வெப்மெயிலுக்குத் தனி நேர மண்டலம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள், அதையும் பாருங்கள். மண்டலத்தைத் திருத்திய பிறகு பிறந்தநாள், விடுமுறை போன்ற முழுநாள் குறிப்புகள் இரண்டு நாளில் பரவி நிற்கலாம். தைப்பூசக் காவடி விடுமுறை முதல்நாள் இரவே ஆரம்பிப்பதாகக் காட்டினால் அது இந்த வகை. தவறான மண்டலத்தில் உருவாக்கியவை அவை. அவற்றைத் திறந்து முழுநாள் குறியை மறுபடி இட்டுச் சேமிக்க வேண்டியதுதான். வெளிநாட்டு ஆட்கள் அழைத்த கூட்டங்களை நீங்கள் நகர்த்த வேண்டாம், மண்டலம் சரியானதும் அவை தாமே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

தமிழ் மெயில் தமிழாகத் தெரியவில்லை

கோவில் சங்கங்களிலும் தமிழ் ஆசிரியர்களிடமும் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பழைய மெயில்களில் தமிழ் சிதைந்து தெரிவது மூன்று விதமாக இருக்கும். எந்த விதம் என்று பார்த்தாலே மருந்து தெரிந்துவிடும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்து இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. விண்டோஸில் நிர்மலா எழுத்துரு இருப்பதால் யூனிகோட் தமிழுக்கு இது இப்போது அபூர்வம். ஆனால் லதா எழுத்துரு விண்டோஸ் 10-லிருந்து தானாக வருவதில்லை. லதாவில் அழகாக அமைத்த காவடி அறிவிப்பு, புதிய கணினியில் வரி உடைந்து, தலைப்பு இரண்டு வரியாகி நிற்பதற்கு அதுதான் காரணம். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் லதா திரும்ப வந்துவிடும்.

ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால் அது பாமினி. பாமினியில் தட்டிய மெயிலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி விசை, அதனால்தான் வரியெங்கும் அரைப்புள்ளி தூவிக் கிடக்கிறது. பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்துப் புதியதில் நிறுவினால் மெயில் மறுபடி படிக்கக் கிடைக்கும். ஆனால் அதோடு விடாதீர்கள். பாமினியில் உள்ளதைத் தேடலில் கண்டுபிடிக்க முடியாது, கைபேசியில் படிக்கவும் முடியாது. முக்கியமான கடிதங்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி வையுங்கள். சங்கத்தின் பழைய ஆவணங்கள் அந்த எழுத்துருவை வைத்திருக்கும் கடைசிக் கணினியோடு சேர்ந்து மறைந்துபோகக் கூடாது. இந்தத் தீவில் தமிழில் எழுதி வைத்ததே கொஞ்சம்தான், அதைக் காப்பாற்றுவது நம் கடமை.

வரி முழுக்க வெறும் கேள்விக்குறிகள் என்றால், மன்னிக்கவும், அந்த மெயிலில் தமிழ் இப்போது இல்லை. வழியில் ஏதோ ஒரு மென்பொருள் தனக்குப் புரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிட்டது. உங்கள் கணினியில் எதைச் செய்தாலும் திரும்பாது. அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

பிரெஞ்சு மெயிலில் மேலே ஆக்சென்ட் குறி வைத்த எழுத்துக்குப் பதிலாக இரண்டு விநோத எழுத்துகள் வந்தால் அது குறிமுறைக் குழப்பம். கிளாசிக் அவுட்லுக்கில் (ஆபீஸோடு வருவது) மெயிலைத் தனியாகத் திறந்து, ஆக்ஷன்ஸ், அதர் ஆக்ஷன்ஸ், என்கோடிங் என்று போய் யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். தமிழ் மெயிலிலும் இதே குழப்பம் வரும். அதற்கும் இதே வழிதான்.

பக்கத்து அறைக்காரருக்குப் பதில் போட்டால் திரும்பி வருகிறது

வெளியே அனுப்பினால் போகிறது, உள்ளே அனுப்பினால்தான் திரும்புகிறது. திரும்பி வந்த அறிக்கையில் ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு ஏதோ இருக்கும். அலுவலகத்தில் இருந்த பழைய எக்ஸ்சேஞ்ச் சர்வரை விட்டு மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறிய இடங்களில் இது வரும். பழைய சர்வர் உள் ஆட்களைச் சாதாரண மெயில் முகவரியால் அறியாமல், தனக்குள் வைத்திருந்த ஒரு நீண்ட பெயரால் அறிந்திருந்தது. அவுட்லுக் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் முதல் எழுத்தைத் தட்டியதும் எடுத்துக் கொடுக்கிறது. புதிய சர்வருக்கு அப்படி யாரையும் தெரியாது.

டு பெட்டியில் பெயர் மெல்ல விழும்போது அதன் வலப்பக்கத்துப் பெருக்கல் குறியைச் சொடுக்கி அந்த நினைவை நீக்கிவிட்டு, முழு முகவரியையும் தட்டுங்கள். ஒரே முறை செய்தால் போதும். ஆனால் பழைய மெயிலுக்குப் 'ரிப்ளை' கொடுத்தால் மறுபடி அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். முப்பது பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் இப்படிச் செய்யச் சொல்வது நியாயமில்லை. நிர்வாகி ஒவ்வொரு மெயில்பெட்டிக்கும் அந்தப் பழைய பெயரை எக்ஸ்500 முகவரியாகச் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் தீர்ந்துவிடும். மாற்றிக் கொடுத்தவரிடம் இதைக் கேளுங்கள். அவர் வேலையில் சேர்ந்ததுதான் இது.

நீங்கள் அனுப்பும் இணைப்பு மற்றவர்களுக்கு வின்மெயில்.டிஏடி என்ற பெயரில் திறக்காத கோப்பாகப் போகிறதா? ஆப்ஷன்ஸ், மெயில் பகுதியில் வடிவத்தை ரிச் டெக்ஸ்டிலிருந்து எச்டிஎம்எல்லுக்கு மாற்றுங்கள்.

ஸ்கேனர் மெயில் அனுப்ப மறுக்கிறது, கணக்கு மென்பொருளும் அப்படியே

கணினியில் எல்லாம் சரி, நடைவழியில் நிற்கும் நகல் இயந்திரம் மட்டும் ஸ்கேன் செய்ததை அனுப்பவில்லை. அதற்குள் பழைய சர்வரின் பெயரும் பழைய பாஸ்வேர்டும் இருக்கும். புதுப்பித்தவர் அதை மறந்திருப்பார். சர்வர் பெயர், போர்ட் 587, டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் முறை), புதிய பாஸ்வேர்ட் என்று மாற்றிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சர்வர் டிஎல்எஸ் 1.2-க்குக் குறைந்ததை ஏற்காது. இயந்திரம் பழையதாகி, அதன் மென்பொருளையும் புதுப்பிக்க வழியில்லை என்றால் மெயிலோடு போராட வேண்டாம். ஸ்கேன் செய்தது நெட்வொர்க்கில் ஒரு பகிர்வு ஃபோல்டரில் விழும்படி அமைத்துவிடுங்கள். மெயில் பாஸ்வேர்டை இயந்திரத்தில் எழுதி வைப்பதைவிட அது பாதுகாப்பும்கூட.

கணக்கு மென்பொருளில் 'இன்வாய்ஸை மெயிலில் அனுப்பு' பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், விண்டோஸில் இயல்பு மெயில் மென்பொருளாக எது இருக்கிறது என்று பாருங்கள். நியூ அவுட்லுக் (விண்டோஸோடு வருவது) அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், கிளாசிக்கை மீண்டும் வையுங்கள்.

நியூ அவுட்லுக் பற்றி

இரண்டு அவுட்லுக்குகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. புதிய விண்டோஸோடு இலவசமாக வருவது நியூ அவுட்லுக். ஆபீஸோடு வருவது கிளாசிக். விண்டோஸில் முன்பிருந்த மெயில், காலண்டர் செயலிகளுக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-ல் முடிந்ததால், அவற்றை வைத்திருந்தவர்களும் நியூ அவுட்லுக்குக்கு வந்துவிட்டார்கள். நியூவில் பழைய வகை ஆட்-இன்கள் ஓடாது, பிஎஸ்டி கோப்புகளோடு பழகுவதிலும் அது கிளாசிக் அளவுக்கு இல்லை. மேல் வலது மூலைப் பொத்தானைத் தள்ளினால் கிளாசிக்குக்குத் திரும்பலாம். குறைந்தது 2029 வரை கிளாசிக்குக்கு ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பிஎஸ்டியும் கணக்கு மென்பொருளும் வைத்திருக்கும் அலுவலகம் இப்போதைக்குக் கிளாசிக்கிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

வேறு நிறுவனத்து ஐமேப் கணக்கை நியூ அவுட்லுக்கில் சேர்த்தால் மெயிலின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வர்கள் வழியாகப் போகும். நோட்டரி, வழக்கறிஞர், மருத்துவர் அலுவலகங்கள் இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. அப்புறம் புயல் காலம். கிளாஸ் 3 எச்சரிக்கை வந்தால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மடிக்கணினியோடு வீட்டுக்குப் போகிற ஊர் இது, அங்கே இணையம் நிற்கலாம். நியூ அவுட்லுக்கில் ஆஃப்லைன் அமைப்பைத் திறந்து, எத்தனை நாள் மெயில் கணினியில் இருக்க வேண்டும் என்பதை நவம்பருக்கு முன்பே கூட்டி வையுங்கள்.

தண்டர்பேர்ட் வைத்திருந்தால்

புதிய பதிப்பைப் பழையதன் பக்கத்தில் தனியாக நிறுவினால், அது தனக்கென வெறும் ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். மெயில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தில் ப்ரொஃபைல் பட்டியல் இருக்கிறது, பழையதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வந்துவிடும். 2020-ல் வந்த பதிப்பு 78-லிருந்து தண்டர்பேர்ட் பழைய டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் ஏற்பதில்லை. புதுப்பித்த உடனே சர்வரோடு இணைய மறுத்தால் உங்கள் ஹோஸ்டிங் சர்வர் பழையது என்று அர்த்தம். ஹோஸ்டிங் நிறுவனத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துப் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள்.

"உங்கள் மெயில்பெட்டி இன்னும் புதுப்பிக்கப்படவில்லை" என்று மெயில் வருகிறது

சொடுக்காதீர்கள். அலுவலகம் மென்பொருள் மாற்றும் காலத்தில் இந்த மோசடி நன்றாகப் பலிக்கும், ஏனென்றால் எல்லாரும் அப்படி ஒரு செய்தியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான புதுப்பித்தலுக்கு மெயிலில் வந்த இணைப்பில் பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டிய அவசியமே கிடையாது. புதுப்பிக்கப் போகும் தேதியையும், யார் செய்கிறார் என்பதையும் முன்கூட்டியே வாயால் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

யாராவது ஏற்கெனவே பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டிருந்தால் அவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தவர் மறைப்பார். உடனே வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை வையுங்கள். நம் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-எம்யூ நடத்தும் மௌகோர்ஸ் என்ற இணையக் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதியலாம். அப்புறம் வெப்மெயிலில் செட்டிங்ஸுக்குள் ரூல்ஸ், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொல் வந்தால் வெளி முகவரிக்கு நகல் அனுப்பும் விதி ஒன்றை அங்கே சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டு, கடந்த சில வாரங்களில் வங்கிக் கணக்கு எண் மாறியதாகச் சொல்லி வந்த எந்த மெயிலையும் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்யாமல் பணம் அனுப்பாதீர்கள்.